கேள்வி – பதில்: பாடல் எப்போது நிற்க வேண்டும்?

கத்தோலிக்கத் திருவழிபாட்டு இசையைப் பற்றி வாசகர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நீலகிரியிலிருந்து வந்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மலையில் ஒரு சிறிய பங்குக் கோவிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆர்மோனியம் வாசித்தவன் என்பதால், கடிதங்களில் உள்ள குளிரும் கோபமும் எனக்குப் பழக்கமானவை. எழுதியவர்கள் அனைவரும் பெயரை விட்டு ஊரை மட்டும் போடும்படி கேட்டிருக்கிறார்கள். பாடகர் குழுவைப் பற்றிக் குறை எழுதிவிட்டு அடுத்த ஞாயிறு அதே குழுவின் முன்னால் அமர வேண்டியவர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது.

குன்னூர் வாசகி: எனக்கு வயது எழுபத்திரண்டு. நூற்றைம்பது பேர் அமர்ந்தாலே நிறைந்துவிடும் எங்கள் கோவிலில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் நான்கு வைத்திருக்கிறார்கள். கீபோர்டும் ரிதம் பேடும் ஒலிக்கத் தொடங்கினால் சன்னல் கண்ணாடி அதிர்கிறது. நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து முழங்காலிட்டால் ஒரு செபம்கூட மனதில் நிற்பதில்லை. சொன்னால், "திருப்பாடல் 150-ஐப் படித்துப் பாருங்கள், பாட்டி" என்கிறார்கள். நான் காலத்தோடு ஒட்டாதவளாகிவிட்டேனா?

இல்லை, அம்மா. ஆனால் அந்தப் பிள்ளைகளும் முழுவதும் தவறாகச் சொல்லவில்லை. எக்காளம், யாழ், மத்தளம், தாளம் என்று எல்லாவற்றையும் கொண்டு ஆண்டவரைப் புகழச் சொல்கிறது 150ஆம் திருப்பாடல். அதே விவிலியத்தில்தான் ஓரேபு மலையில் எலியாவுக்கு முன் சுழற்காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்து போகின்றன. அவற்றில் ஆண்டவர் இல்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியைக் கேட்டபோதுதான் எலியா தம் முகத்தை மூடிக்கொள்கிறார். இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் குறை புதியதன்று. ஆர்கனிலோ பாடலிலோ தகாத சாயல் கலந்த இசையைக் கோவிலிலிருந்து விலக்க வேண்டும் என்று திரிதெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் 1562ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று வெளியிட்ட ஆவணம் பியானோவையும் முரசு, கைத்தாளம் போன்ற ஆரவாரமான கருவிகளையும் கோவிலில் தடை செய்தது. அந்தப் பட்டியலோடு திருச்சபை நின்றிருந்தால் நம் தபேலாவும் வெளியே போயிருக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பைக் கொடுத்துவிட்டு, புனிதப் பயன்பாட்டுக்குத் தகுதியுடையவையாகவும் கோவிலின் மாண்புக்கு ஏற்றவையாகவும் இருந்தால் பிற கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. ஆகவே, ரிதம் பேடு கோவிலுக்குள் வந்ததே குற்றம் என்று நீங்கள் வாதிட்டால் தோற்றுப்போவீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது மௌனத்தை. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை, 45ஆம் எண்ணில், மௌனத்தை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கணக்கிடுகிறது. பாவ மன்னிப்பு வழிபாட்டின்போதும், "மன்றாடுவோமாக" என்ற அழைப்புக்குப் பின்னும், வாசகமும் மறையுரையும் முடிந்த பின்னும், நற்கருணை வாங்கிய பின்னும் அமைதி காக்கச் சொல்கிறது. நம் பாடகர் குழுக்களுக்கோ அமைதி என்றால் ஏதோ தவறிவிட்டது என்ற பயம். ஒரு நொடி சத்தம் நின்றால் கீபோர்டுக்காரரின் விரல் தானாக ஒரு சுரத்தைத் தேடிப் போகிறது. அருள்பணியாளர் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது பின்னணியாக மெல்ல வாசிப்பதும் இந்தப் பயத்திலிருந்து வந்த பழக்கந்தான். அவர் தமக்குரிய மன்றாட்டுகளைச் சொல்லும்போது பாடலோ கருவி இசையோ இருக்கக் கூடாது என்று அதே விதிமுறையின் 32ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது.

இதில் நான் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். இளவயதில் ஒரு திருநாள் பூசையில் காணிக்கைப் பாடலை நான்கு சரணமும் விடாமல், சரணத்துக்குச் சரணம் இடையிசையோடு இழுத்தேன். அப்பமும் இரசமும் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்து, சாமியார் கைகழுவி முடித்து, கைகூப்பியபடி நின்றுகொண்டே இருந்தார். பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, "உங்கள் கச்சேரிக்கு நடுவில் நான் பூசை வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது புரியச் சில ஆண்டுகள் ஆயின.

புனித அகுஸ்தீனாரும் இந்த இடத்தில் தடுமாறியவர். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகமாக அசைத்த நேரங்களைப் பாவமாகவே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார்; ஆனால் மனம் திரும்பிய புதிதில் கோவில் பாடலைக் கேட்டு அழுததை நினைத்துக்கொண்டு, பாடலை விலக்கிவிட மனமில்லாமல் அந்தப் பகுதியை முடிக்கிறார்.

நீங்கள் பங்குத்தந்தையிடம் புகார் கொண்டுபோக வேண்டாம். பாடகர் குழுத் தலைவரிடம் நேரில் சென்று, சென்ற மாதம் அவர்கள் பாடியவற்றில் உங்களுக்குப் பிடித்த ஒரு பாடலைச் சொல்லிப் பாராட்டிவிட்டு, நற்கருணைக்குப் பின் இரண்டு நிமிட அமைதி மட்டும் கேளுங்கள். பெட்டிகளில் இரண்டையாவது அணைக்கும்படியும் கேட்கலாம். நூற்றைம்பது பேருக்கான கல் கட்டடத்தில் ஒருவர் இருமினாலே பீடம் வரை கேட்குமே!

கோத்தகிரி வாசகர்: பாடகர் குழுவில் உள்ள இளைஞன் நான். உன்னதங்களிலே, தூயவர், இறைவனின் செம்மறி ஆகிய திருப்பலியின் நிலையான பாடல்களுக்குப் பதிலாக, அதே கருத்துள்ள வேறு பாடல்களை நல்ல மெட்டில் பாடிவந்தோம். மக்களும் விரும்பினார்கள். புதிதாக வந்த பங்குத்தந்தை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கருத்து ஒன்றாக இருக்கும்போது சொல் மாறினால் என்ன?

தம்பி, உங்கள் பங்குத்தந்தையின் பக்கம் நிற்கிறேன், வருத்தப்படாதீர்கள். "உன்னதங்களிலே" என்று தொடங்கும் வானவர் கீதத்தின் சொற்களுக்குப் பதிலாக வேறு சொற்களைப் பாடக் கூடாது என்று திருப்பலி விதிமுறை 53ஆம் எண்ணில் வெளிப்படையாகவே சொல்கிறது. செம்மறிப் பாடலுக்கும் இதே விதிதான். திருப்பாடலிலிருந்து எடுத்த பதிலுரைப்பாடலின் இடத்திலும் வேறு பக்திப் பாடலை வைக்க அனுமதி இல்லை. ஏனென்றால் அது இறைவார்த்தை. வாசகத்துக்குப் பதிலாக நல்ல கட்டுரை ஒன்றை யாரும் வாசிப்பதில்லை.

விதி இருக்கட்டும், காரணத்துக்கு வருவோம். சில பாடல்கள் வேறொரு செயலோடு சேர்ந்து வருகின்றன: மக்கள் உள்ளே வரும்போது வருகைப் பாடல், காணிக்கை போகும்போது காணிக்கைப் பாடல். வேறு சில பாடல்களோ தாமே வழிபாட்டுச் செயலாக இருக்கின்றன. தூயவர் பாடும்போது வேறொன்றும் நடப்பதில்லை, பாடுவதுதான் நடக்கிறது. முதல் வகையில் உங்களுக்குத் தேர்வுரிமை நிறைய உண்டு. இரண்டாம் வகையில் மெட்டு உங்களுடையது, சொல் திருச்சபையுடையது. திருமண வாக்குறுதியை "கருத்து ஒன்றுதானே" என்று மணமகன் தன் விருப்பம்போல் மாற்றிச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இதைவிட முக்கியமாக உங்களிடம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. வழிபாட்டு இசை பற்றி 1967ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று உரோமையிலிருந்து வந்த அறிவுரை, பாடுவதற்கு மூன்று படிகளை வகுத்தது. முதற்படியில் இருப்பவை அருள்பணியாளரும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் பகுதிகள்: "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்ற வாழ்த்தும் அதற்கான பதிலும், மன்றாட்டுகள், நற்செய்தி வாழ்த்தொலிகள், தொடக்கவுரைக்கு முந்தைய உரையாடல், தூயவர், ஆண்டவர் கற்பித்த செபம் ஆகியவை. இரண்டாம் படியில் ஆண்டவரே இரக்கமாயிரும், வானவர் கீதம், நம்பிக்கை அறிக்கை, செம்மறிப் பாடல், விசுவாசிகளின் மன்றாட்டு. நாம் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் ஆகியவை மூன்றாம் படியில்தான் வருகின்றன. முதற்படியை மட்டும் பாடினால் போதும். ஆனால் முதற்படியைப் பாடாமல் மற்ற இரண்டை மட்டும் பாடக் கூடாது என்பது அந்த அறிவுரையின் கணக்கு.

நம் கோவில்களில் இது தலைகீழாக நடக்கிறது. மூன்றாம் படியில் பெருமழை, முதற்படியில் வறட்சி. சாமியார் வாழ்த்தைச் சொல்கிறார், நாம் முணுமுணுக்கிறோம். பிறகு காணிக்கைப் பாடலுக்குக் கீபோர்டு, கிட்டார், தபேலா என மூன்றும் சேர்ந்து எழுகின்றன. பங்குத்தந்தை உங்கள் பாடல்களை நிறுத்தியதோடு நிற்காமல், தாமும் பீடத்திலிருந்து பாடத் துணிய வேண்டும். அவருக்குக் குரல் இல்லை என்று சொல்வார். முதற்படிக்குரிய பண்கள் மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே அடங்குபவை, இரண்டு மாலை நீங்கள் உடன் அமர்ந்தால் பழகிவிடுவார். அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 22 அன்று உங்கள் குழுவின் பாதுகாவலி புனித செசிலியம்மாளின் விழாவைக் கொண்டாடுவீர்கள் அல்லவா? அவர் இசைக்குப் பாதுகாவலியான கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவருடைய திருமண நாளில் இசைக்கருவிகள் முழங்கிக்கொண்டிருந்தபோது, அவற்றுக்குச் செவிகொடுக்காமல் அவர் தம் உள்ளத்துக்குள் ஆண்டவரைப் பாடினார் என்கிறது மரபு.

கூடலூர் வாசகர்: என் தந்தை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி இங்கு வந்தவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தப்புப் பறை அடிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருநாள் பூசையில் வருகைப் பவனிக்குத் தப்பு அடிக்கலாமா என்று கேட்டதற்கு, பங்குப் பேரவையில் ஒருவர், "அது சாவுக் கொட்டு, கோவிலுக்கு ஆகாது" என்றார். திருச்சபையின் சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுக் கருத்திலும் வழக்கத்திலும் உலகியல் இசைக்கு மட்டுமே உரியவை எனக் கருதப்படும் கருவிகளை விலக்க வேண்டும் என்று மேலே சொன்ன 1967ஆம் ஆண்டு அறிவுரை கூறுகிறது. உங்கள் பேரவை உறுப்பினர் அறிந்தோ அறியாமலோ இந்த விதியைத்தான் பிடித்திருக்கிறார். ஆனால் அதே அறிவுரை, கருவிகளைத் தேர்ந்துகொள்ளும்போது அந்தந்த மக்களின் பண்பாட்டையும் மரபையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. 1963ஆம் ஆண்டுக் கொள்கைத் திரட்டின் 119ஆம் எண்ணும் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் கொடுக்க வேண்டும் என்கிறது. 1969ஆம் ஆண்டு இந்திய ஆயர்களுக்கு உரோமை அனுமதித்த பன்னிரண்டு தழுவல்களில் கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கு, ஆரத்தி ஆகியவை இருக்கின்றன. அவை எல்லாம் நம் மண்ணின் பிற சமயக் கோவில்களிலும் வீடுகளிலும் வழங்கியவையே.

ஒரு கருவி எங்கே ஒலித்தது என்பதை மட்டும் பார்த்தால் ஆர்கனுக்கே கோவிலில் இடம் கிடைத்திருக்காது. பழைய உரோமையில் நீர்விசையால் இயங்கிய ஆர்கன் விளையாட்டரங்குகளில், வாள்வீரர்கள் மோதும் இடத்தில் ஒலித்த கருவி. தொடக்க நூற்றாண்டுகளின் திருச்சபைத் தந்தையர் இசைக்கருவிகளை அஞ்சி ஒதுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மேற்கு ஐரோப்பாவிலிருந்து மறைந்துபோன அந்தக் கருவியை 757ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசர் பிராங்குகளின் அரசருக்குப் பரிசாக அனுப்பியது அரண்மனைக்காகத்தான். அது பீடத்துக்கு அருகில் வந்து சேர மேலும் காலம் ஆயிற்று. நாம் பாட்டன் காலத்துச் சொத்துபோல் போற்றும் ஆர்மோனியமும் 1842ஆம் ஆண்டு பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி.

"சாவுக் கொட்டு" என்ற சொல்லுக்குள் மறைந்திருப்பது கருவியைப் பற்றிய கருத்தா, அதை அடித்தவர்களைப் பற்றிய கருத்தா என்பதை உங்கள் பேரவை நேர்மையாகப் பேசிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூட்டியதும் தப்புதான், காமன் கூத்துக்கு ஒலித்ததும் தப்புதான். அதைச் சாவோடு மட்டும் கட்டிப்போட்டது கருவி செய்த குற்றமில்லை. மேலும், இறந்து உயிர்த்தவரின் நினைவை நாம் பீடத்தில் கொண்டாடும்போது, சாவுக்கு ஒலித்த கருவி அங்கே ஏன் அந்நியமாக வேண்டும் என்றும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தப்பு திறந்த வெளிக்குரிய கருவி. அதன் ஓசை நான்கு சுவருக்குள் அடங்காது. தேர்ப்பவனிக்கும், கோவில் வாசல் வரையிலான வருகைப் பவனிக்கும், காணிக்கைப் பவனிக்கும் அது அருமையாகப் பொருந்தும். உள்ளே வந்ததும் அடியைக் குறைத்து, அருள்பணியாளர் பீடத்தை முத்தமிடும் நேரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். கூடலூர் மழையில் தோல் தளர்ந்து போகும், அடிக்கடி தீயில் காய்ச்ச வேண்டியிருக்கும். அந்தத் தீயைக் கோவில் முற்றத்தில் எங்கே மூட்டுவது என்பதை முன்கூட்டியே உபதேசியாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பவர்கள் பூசைக்கு வந்தவர்களாக இருக்கட்டும். அடித்து முடித்துக் கருவியை ஓரமாக வைத்துவிட்டு வாசகம் கேட்க அமரட்டும். கூலிக்கு அழைத்து வந்து, பவனி முடிந்ததும் வாசலிலேயே அனுப்பிவிடும் வழக்கத்தைத் தொடங்கிவிடாதீர்கள். ஆயரின் ஒப்புதலைப் பங்குத்தந்தை மூலம் எழுத்தில் பெற்றுவிட்டால் பேரவையில் வாக்குவாதம் குறையும்.

உதகை வாசகி: எங்கள் கீபோர்டு இசைப்பவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து கைப்பேசியில் கரோக்கி ஓடவிட்டுப் பாடுகிறோம். இது சரியா?

சரியில்லை. இசைக்கருவியை ஒருவர் தாமே இயக்கி வாசிக்க வேண்டும், தானியங்கிக் கருவிகளை வழிபாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்றே உரோமை அறிவுறுத்தியிருக்கிறது. அப்போது கிராமபோனை மனதில் வைத்துச் சொன்னது இன்று கைப்பேசிக்கும் பொருந்தும். கரோக்கிக்குக் கண் கிடையாது. நற்கருணை வாங்குவோர் வரிசை முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது. அது முடியும் வரை பீடம் காத்திருக்க வேண்டும். கோவிலில் காத்திருக்க வேண்டியது இசைதான்.

கருவி இல்லாமல் பாடுங்கள். முடியாது என்று சொல்லாதீர்கள். தேவநற்கருணை ஆசீரின்போது "மாண்புயர்" தொடங்கியதும் என்ன நடக்கிறது? புத்தகம் இல்லை, சுதிப்பெட்டி இல்லை, மின்சாரம் போயிருந்தாலும் கவலையில்லை; கடைசி வரிசைப் பெரியவர் முதல் மடியிலிருக்கும் குழந்தை வரை பாடுகிறார்கள். புனித தோமா அக்குவினார் இயற்றிய இலத்தீன் பாடல், 13ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்து வந்து உதகைப் பனியில் தமிழில் ஒலிக்கிறது. அப்படிப்பட்ட ஐந்து பாடல்களைத் தேர்ந்து ஆறு மாதம் மாற்றாமல் பாடுங்கள். வாரத்துக்கு ஒரு புதுப் பாடல் என்ற ஆசைதான் மக்களின் வாயை மூடியது.

அருவங்காடு வாசகர்: தவக்காலத்தில் இசைக்கருவிகளை அறவே வாசிக்கக் கூடாதா?

பாடலுக்குத் துணையாக வாசிக்கலாம். தனியாக வாசிக்கக் கூடாது. தவக்கால நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழாவில் தாராளமாக வாசிக்கலாம். பெரிய வியாழன் வானவர் கீதத்தோடு மணிகளும் ஓய்ந்து, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவில், பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதத்தில்தான் மீண்டும் ஒலிக்கும். அந்த இரவில் மணியும் கருவியும் ஒன்றாக எழும்போது உடல் சிலிர்க்க வேண்டுமானால், அதற்கு முந்தைய நாற்பது நாளும் அவை அடங்கியிருந்திருக்க வேண்டும்.

வெலிங்டன் வாசகி: மகளின் திருமணத் திருப்பலியில் ஒரு திரைப்பாடலின் மெட்டில் பக்திச் சொற்களை எழுதிப் பாட மாப்பிள்ளை வீட்டார் விரும்புகிறார்கள். மறுத்தால் மனவருத்தம் வருமோ?

மெட்டைக் கடன் வாங்குவது புதிய பழக்கமன்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் ஒரே ஒரு பிரெஞ்சு உலகியல் பாட்டின் மெட்டை வைத்து நாற்பதுக்கும் மேற்பட்ட திருப்பலி இசைகளை அமைத்தார்கள். ஆனால் அந்த மெட்டை அவர்கள் நீட்டி, உள்ளே புதைத்துவிட்டதால் கேட்பவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் திருமணத்திலோ முதல் வரியிலேயே கோவில் முழுவதும் நடிகரின் முகம் தோன்றிவிடும். அந்தப் பாடலை வரவேற்பு மண்டபத்துக்கு, அசல் சொற்களோடே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; சம்பந்திகளுக்கு அங்கே இன்னும் மகிழ்ச்சியாக இருக்கும். வீடியோ எடுப்பவரிடமும் பீடத்தின் மேல் ஏறக் கூடாது என்று முன்னதாகச் சொல்லிவிடுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று, அருள்பணியாளர் இதயங்களை எழுப்பச் சொல்கிறாரே தவிரக் கைப்பேசிகளை எழுப்பச் சொல்லவில்லை என்று வருத்தத்தோடு சொன்னது நினைவிருக்கும்.

மஞ்சூர் வாசகர்: வார நாள் காலைப் பூசைக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் வருகிறோம். பாடகர் குழு இல்லை. அல்லேலூயாவை வாசித்துவிடுகிறோம். போதுமா?

நற்செய்திக்கு முன் ஒரே ஒரு வாசகம் உள்ள நாள்களில், பாடாவிட்டால் அல்லேலூயாவை விட்டுவிடலாம் என்றே விதிமுறை சொல்கிறது. பெரட்டுக்களத்தில் பெயர் வாசிப்பதுபோல் அதை வாசிப்பதைவிட விட்டுவிடுவது மேல். ஆனால் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்காவது குரல் இருக்கும். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக் காலை அவரை முன் வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.